அண்ணனுக்கு வலி போய்விட்டது. இப்போது ஸ்டென்ட் கிராஃப்ட் அவசியமா?

வாசுகி_ஆர்கேபுரம்
ஞாயிறு, இரவு 9.40

தில்லித் தமிழ் நண்பர்களுக்கு வணக்கம். என் அண்ணனுக்கு வயது 54. நொய்டாவில் ஒரு தனியார் நிறுவனத்தில் கணக்கு அதிகாரி. ஜனவரிக் குளிரில் ஒரு விடியற்காலையில் இரண்டு தோள்பட்டைக்கும் நடுவே தாங்க முடியாத வலி. மாரடைப்பு என்று நினைத்துத்தான் அண்ணி ஓடினார். இ.சி.ஜி. சரியாக இருந்தது. சி.டி. எடுத்த பிறகு, பெருந்தமனியின் உட்சுவர் கிழிந்திருக்கிறது என்றார்கள். இடது கைக்குப் போகும் தமனி பிரிகிற இடத்துக்குச் சற்றுக் கீழே கிழிசல் தொடங்கி, வயிறு வரை இறங்கியிருக்கிறதாம். ‘ஸ்டான்ஃபோர்டு பி வகை, சிக்கலற்றது’ என்று டிஸ்சார்ஜ் சம்மரியில் இருக்கிறது.

ஐ.சி.யூ.வில் ஊசி மருந்தால் ரத்த அழுத்தத்தை இறக்கினார்கள். பிறகு மாத்திரைகளுக்கு மாற்றி வீட்டுக்கு அனுப்பினார்கள். வலி இல்லை. நடக்கிறார், சாப்பிடுகிறார், வேலைக்குத் திரும்பவேண்டும் என்று அடம்பிடிக்கிறார். இந்த நிலையில் ரத்தநாள அறுவை மருத்துவர், “மூன்று மாதம் முடிவதற்குள் டீவார் செய்துவிடுவது நல்லது” என்கிறார். பெருந்தமனிக்குள் ஸ்டென்ட் கிராஃப்ட் வைக்கும் சிகிச்சைக்குத்தான் டீவார் என்று பெயராம். வேறொரு மருத்துவமனையின் இதய மருத்துவர், “மாத்திரையும் ஸ்கேனும் போதும், அவசரம் வேண்டாம்” என்கிறார். இருவருமே அனுபவசாலிகள்.

தொடை வழியாகக் குழாயை விட்டு ஸ்டென்ட் கிராஃப்ட் (உலோகச் சட்டத்தில் துணி போர்த்திய குழாய்) வைப்பார்கள், நெஞ்சைத் திறக்கமாட்டார்கள், சில நாட்களில் வீட்டுக்கு வந்துவிடலாம் என்பதெல்லாம் புரிகிறது. ஐந்து வருடம், பத்து வருடம் கழித்து இவர்கள் எப்படி இருக்கிறார்கள் என்பதை எனக்கு யாரும் சொல்லவில்லை. செய்துகொண்டவர்கள், அவர்கள் குடும்பத்தார், விஷயம் தெரிந்தவர்கள் எழுதுங்கள்.

---

மலைமந்திர்_படிக்கட்டு
ஞாயிறு, இரவு 10.15

அம்மா, வலி இல்லை, பி.பி. கட்டுக்குள் இருக்கிறது, மருத்துவரே ‘சிக்கலற்றது’ என்று எழுதியிருக்கிறார். நன்றாக இருக்கிற மனிதருக்குள் எதற்கு உலோகமும் துணியும்? அந்தக் கருவியின் விலை மட்டுமே பல லட்சம். விற்க ஒருவர் இருந்தால் வாங்கச் சொல்ல நாலு பேர் இருப்பார்கள். இரண்டாவது மருத்துவர் சொன்னதைக் கேளுங்கள்.

---

கேத்லேப்_காவலன்
திங்கள், காலை 6.50

தில்லியில் ரத்தநாளங்களுக்குள் குழாய் விட்டுச் சிகிச்சை செய்யும் ஒரு கேத் லேபில் நெடுங்காலமாகத் தொழில்நுட்பராக இருக்கிறேன். மருத்துவர் அல்ல என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். மேலே நண்பர் எழுதியதில் பாதி நியாயம் இருக்கிறது, பாதி இல்லை.

முதலில் உள்ளே என்ன நடந்திருக்கிறது என்று பார்ப்போம். பெருந்தமனிச் சுவரில் மூன்று அடுக்குகள். கோட்டுப் பையின் லைனிங் கிழிந்தால் சில்லறை லைனிங்குக்கும் துணிக்கும் நடுவே போய் விழுமே, அதுபோல உட்சுவர் கிழிந்ததும் ரத்தம் அடுக்குகளுக்கு நடுவே புகுந்து தனக்கென்று ஒரு வழி செய்துகொள்கிறது. மெய்ப்பாதை ஒன்று, பொய்ப்பாதை ஒன்று. இதயத்தை ஒட்டிய மேலேறும் பகுதியில் கிழிந்தால் அது ஏ வகை. அன்றைக்கே நெஞ்சைத் திறக்கவேண்டும். இறங்கும் பகுதியில் மட்டும் இருந்தால் பி வகை. பி வகையில் வெடிப்பு, குடலுக்கோ காலுக்கோ சிறுநீரகத்துக்கோ ரத்தம் போகாமை, அடங்காத வலி என்று ஏதாவது இருந்தால் ‘சிக்கலானது’. அங்கே டீவார்தான் முதல் வழி, அதில் இன்று பெரிய விவாதம் இல்லை. உங்கள் அண்ணன் மற்ற வகை. விவாதம் முழுவதும் இந்த வகையைப் பற்றித்தான்.

‘சிக்கலற்றது’ என்றால் இன்றைக்குச் சிக்கல் இல்லை என்று மட்டும்தான் அர்த்தம். பொய்ப்பாதையின் வெளிச்சுவர் மெல்லியது. அதற்குள் ரத்தம் ஓடிக்கொண்டே இருந்தால் வருடக்கணக்கில் அது விரிகிறது. ஒருநாள் 55 மி.மீ., 60 மி.மீ. என்று வந்து நிற்கிறார்கள். அப்போது இரண்டு பாதைக்கும் நடுவே உள்ள உள்சவ்வு தடித்து விறைத்துவிடும். ஸ்டென்ட் கிராஃப்டை வைத்தாலும் மெய்ப்பாதை முன்போல விரிந்து கொடுக்காது. முதல் சில வாரங்களில் அந்தச் சவ்வு இன்னும் இளகியிருக்கிறது. ஐரோப்பாவில் நடந்த வர்ச்சு என்ற பதிவேட்டில் 100 பேரைத் தொடர்ந்து பார்த்தார்கள். முதல் மூன்று மாதத்துக்குள் வைத்தவர்களின் பெருந்தமனி பழைய வடிவத்துக்குத் திரும்பியதுபோல அதற்குப் பிறகு வைத்தவர்களுக்குத் திரும்பவில்லை. உங்கள் அறுவை மருத்துவர் ‘மூன்று மாதம்’ என்று கணக்குச் சொல்வதன் காரணம் இது. விற்பனைத் தந்திரம் என்று நினைக்கவேண்டாம்.

ஆனால் மிக முன்னதாகவும் வேண்டாம் என்பார்கள். முதல் இரண்டு வாரத்தில் சுவர் மிக நைந்திருக்கும். கருவியின் மேல்முனை குத்திக் கிழிசல் பின்னோக்கி இதயத்தை நோக்கிப் போகலாம். நூற்றுக்கு இரண்டு மூன்று பேருக்கு நேர்வது. நேர்ந்தால் மூன்றில் ஒரு பங்குக்கும் மேற்பட்டவர்கள் இறந்துவிடுகிறார்கள். நான் அந்த அறைக்குள் நின்றிருக்கிறேன். அதைச் சொல்லாமல் யாரும் ஒப்புதல் படிவத்தில் கையெழுத்து வாங்கக்கூடாது.

---

முனிர்கா_ஆய்வாளன்
திங்கள், மதியம் 1.20

வாசுகி அக்கா, உங்கள் கேள்வியை அப்படியே எடுத்துக்கொண்ட ஒரு சோதனை இருக்கிறது. பெயர் இன்ஸ்டெட். ஐரோப்பாவில் சிக்கலற்ற பி வகைக் கிழிசல் உள்ள 140 பேரை எடுத்து, சீட்டுக் குலுக்கலில் பிரித்தார்கள். 68 பேருக்கு மாத்திரை மட்டும். 72 பேருக்கு மாத்திரையோடு ஸ்டென்ட் கிராஃப்ட். கிழிந்து இரண்டு வாரம் முதல் ஒரு வருடம் வரை ஆனவர்கள்.

2009-இல் இரண்டு வருட முடிவு வந்தது. மாத்திரைக்காரர்களில் 95.6 சதவீதம் பேர் உயிரோடு இருந்தார்கள்; ஸ்டென்ட் வைத்தவர்களில் 88.9 சதவீதம். ஸ்டென்ட் தோற்றது என்றே பலர் எழுதினார்கள். 2013-இல் அதே ஆட்களின் ஐந்து வருட முடிவு வந்தது. பெருந்தமனி காரணமான மரணம் ஸ்டென்ட் பக்கம் 6.9 சதவீதம், மாத்திரைப் பக்கம் 19.3 சதவீதம். நோய் முற்றியது ஸ்டென்ட் பக்கம் 27 சதவீதம், மாத்திரைப் பக்கம் 46.1 சதவீதம். ஸ்டென்ட் வைத்தவர்களில் பத்தில் ஒன்பது பேருக்குப் பொய்ப்பாதை உறைந்து அடைபட்டிருந்தது.

சிகிச்சையின் ஆபத்து முன்பணம்போல முதலில் போகிறது, பலன் பின்னால் வருகிறது. இரண்டாம் ஆண்டில் நிறுத்தியிருந்தால் மருத்துவ உலகம் நேர்மாறான முடிவோடு வீட்டுக்குப் போயிருக்கும். நீண்டகாலத் தொடர்ச்சி எதற்கு என்று கேட்பவர்களுக்கு நான் காட்டுவது இந்த ஒரு சோதனையைத்தான்.

---

மலைமந்திர்_படிக்கட்டு
திங்கள், மாலை 6.05

தம்பி, ‘பெருந்தமனி காரணமான மரணம்’ என்று ஒரு வடிகட்டி போட்டிருக்கிறீர்கள். எந்தக் காரணத்தால் ஆனாலும் செத்தவர் செத்தவர்தான். மொத்த மரணம் எவ்வளவு?

---

முனிர்கா_ஆய்வாளன்
திங்கள், இரவு 8.30

சரியான கேள்வி. ஐந்து வருடத்தில் மொத்த மரணம் ஸ்டென்ட் பக்கம் 11.1 சதவீதம், மாத்திரைப் பக்கம் 19.3 சதவீதம். பார்க்கப் பெரிய வித்தியாசம்போல இருந்தாலும் 140 பேரில் இது தற்செயலாகவும் வரக்கூடியது. புள்ளியியல் வரம்பைத் தாண்டவில்லை. இரண்டாம் ஆண்டுக்குப் பிறகு மட்டும் எடுத்துப் பார்த்தால் ஸ்டென்ட் பக்கம் ஒருவர்கூட இறக்கவில்லை, மாத்திரைப் பக்கம் 16.9 சதவீதம். ஆனால் அது ஆரம்பத்தில் தப்பியவர்களை மட்டும் வைத்துப் போட்ட கணக்கு. அதை வைத்து ‘ஸ்டென்ட் வைத்தால் யாரும் சாகமாட்டார்கள்’ என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

அதனால்தான் அமெரிக்க வழிகாட்டுதல்கள் 2022-இலும் இதைத் தாராளமாகப் பரிந்துரைக்கவில்லை. சிக்கலற்ற கிழிசலில், ஸ்கேனில் ஆபத்தான அடையாளங்கள் இருந்தால் ‘கருதிப் பார்க்கலாம்’ என்ற அளவில்தான் நிற்கிறது. இம்ப்ரூவ் ஏ.டி. என்ற பெரிய சோதனையை இதே கேள்விக்காகவே அமெரிக்காவில் தொடங்கியிருக்கிறார்கள். ஆகவே அக்காவின் இரண்டு மருத்துவர்களும் நேர்மையாகவே வேறுபடலாம்.

---

பென்ஷன்தாரர்
செவ்வாய், காலை 5.35

மத்திய அரசுப் பணியில் இருந்து ஓய்வுபெற்றவன். மயூர் விகாரில் வாசம். என் மனைவிக்கு டீவார் செய்து எட்டு வருடத்துக்கு மேல் ஆகிறது. அவளுக்குக் கிழிசல் இல்லை, வீக்கம். வேறு எதற்கோ எடுத்த ஸ்கேனில் இறங்குபெருந்தமனி 6 செ.மீ. விட்டத்தில் தெரிந்தது. நுரையீரல் பலவீனம் வேறு. நெஞ்சைத் திறந்தால் மேசையை விட்டு எழுந்திருப்பாளா என்பதே கேள்வி என்றார்கள். ஆகவே எங்களுக்குத் தேர்வு என்று ஒன்று இருக்கவில்லை.

செய்த அன்று இரவு அவள் கால்களை அசைக்கச் சொன்னபோது இடது கால் மெதுவாகத்தான் வந்தது. தண்டுவடத்துக்குப் போகும் சிறு தமனிகள் ஸ்டென்ட் துணிக்குப் பின்னால் மறைந்துவிடுவதால் வருவது என்றார்கள். ரத்த அழுத்தத்தை மருந்து கொடுத்து ஏற்றினார்கள், முதுகில் ஏற்கனவே வைத்திருந்த குழாய் வழியாகத் தண்டுவட நீரை வடித்தார்கள். மறுநாள் மாலைக்குள் கால் திரும்பியது. இத்தனை நாள் பி.பி.யைக் குறை குறை என்றவர்கள் அன்றைக்கு ஏற்று ஏற்று என்று நின்றது எனக்கு விசித்திரமாக இருந்தது. செவிலியர் ஒருவர் மணிக்கொரு முறை வந்து காலை அசைக்கச் சொன்னதால் பிழைத்தோம். அண்ணனுக்குச் செய்வதாக இருந்தால், அந்த மருத்துவமனையில் இரவில் இதைக் கவனிக்க ஆள் உண்டா என்று கேளுங்கள். அறுவை மருத்துவரின் பெயர் எவ்வளவு பெரியது என்பதைவிட இது முக்கியம்.

அதன் பிறகு மூன்றாம் ஆண்டு ஸ்கேனில் கசிவு. ஸ்டென்டின் கீழ்முனை தமனிச் சுவரோடு ஒட்டியிருந்த இடம் விரிந்துவிட்டதால் ரத்தம் மறுபடியும் வீக்கப் பைக்குள் போகிறது என்றார்கள். அவளுக்கு ஒரு வலியும் இல்லை. வாசலில் கோலம் போட்டுக்கொண்டிருந்தாள். இன்னொரு துண்டை உள்ளே நீட்டி வைத்து அடைத்தார்கள். ஸ்கேன் எடுக்காமல் இருந்திருந்தால் வெடித்த பிறகுதான் தெரிந்திருக்கும். சொந்தக்காரர்கள் எல்லோரும் ‘அதுதான் சரியாகிவிட்டதே, எதற்கு வருடா வருடம் ஸ்கேன்’ என்று கேட்டவர்கள்தான்.

---

கேத்லேப்_காவலன்
செவ்வாய், காலை 7.10

ஐயா எழுதியது முதல் வகைக் கசிவு. எண்டோலீக் என்பார்கள். முனைகளில் ஒட்டாமல் வருவது முதல் வகை. வீக்கப் பைக்குள் திறக்கும் சிறு கிளைகளின் வழியே ரத்தம் பின்னோக்கி வருவது இரண்டாம் வகை. இதைப் பெரும்பாலும் கவனித்துக்கொண்டே விடுவோம், பை பெரிதானால்தான் கைவைப்போம். துண்டுக்கும் துண்டுக்கும் நடுவே விலகியோ துணி கிழிந்தோ வருவது மூன்றாம் வகை. முதலும் மூன்றும் ஆபத்து, தள்ளிப்போட முடியாது.

கிழிசல் நோயாளிகளுக்கு வேறொன்று உண்டு. விறைப்பான ஸ்டென்டின் கீழ்முனை மெல்லிய சவ்வில் உரசி அங்கே புதிய கிழிசலை உண்டாக்கும். மாதங்கள், வருடங்கள் கழித்தும் வரும். அதோடு, ஸ்டென்ட் நெஞ்சுப் பகுதியை மட்டும்தான் மூடுகிறது. வயிற்றுப் பகுதியில் பொய்ப்பாதை திறந்தே இருக்கும். மேலே அழகாகச் சுருங்கிவிட்டது, கீழே மெல்ல விரிகிறது என்று வருகிறவர்கள் உண்டு. ‘ஸ்டென்ட் வைத்த இடம் நன்றாக இருக்கிறது’ என்ற அறிக்கையோடு திருப்தி அடையாதீர்கள்.

---

முனிர்கா_ஆய்வாளன்
செவ்வாய், பகல் 11.45

வீக்கத்துக்கும் கிழிசலுக்கும் கணக்கு வேறு என்பதால் ஒரு குறிப்பு. அமெரிக்காவில் முதலில் அனுமதி பெற்ற கோர் டேக் கருவியின் சோதனையில் 140 பேருக்கு ஸ்டென்ட் கிராஃப்ட். ஒப்பிட 94 பேர், திறந்த அறுவை. ஐந்து வருடத்தில் வீக்கம் காரணமான மரணம் ஸ்டென்ட் பக்கம் 2.8 சதவீதம், திறந்த அறுவைப் பக்கம் 11.7 சதவீதம். மொத்தத்தில் உயிரோடு இருந்தவர்கள் ஸ்டென்ட் பக்கம் 68 சதவீதம், திறந்த அறுவைப் பக்கம் 67 சதவீதம். அதாவது தமனி பிழைத்தது, மனிதர்கள் மற்ற வியாதிகளால் போனார்கள். பெரும்பாலானவர்கள் வயதானவர்கள், புகைத்தவர்கள், இதய நோயாளிகள்.

மெடிகேர் என்ற அமெரிக்க முதியோர் காப்பீட்டுத் தரவை வைத்து 2011-இல் வந்த ஆய்வு இன்னும் கசப்பானது. வெடிக்காத வீக்கத்துக்குத் திறந்த அறுவை செய்துகொண்டவர்களில் 72 சதவீதம் பேர் ஐந்து வருடம் இருந்தார்கள், டீவார் செய்துகொண்டவர்களில் 62 சதவீதம். மலைமந்திர் ஐயா மகிழ்வதற்கு முன்: பென்ஷன்தாரர் ஐயா வீட்டு அம்மாவைப் போல, திறந்த அறுவையைத் தாங்கமாட்டார்கள் என்று ஒதுக்கப்பட்டவர்கள்தான் அங்கே டீவாருக்கு அதிகம் போனார்கள். வெடித்து வந்தவர்களில் உடனடி மரணம் டீவாரில் 28 சதவீதம், திறந்த அறுவையில் 46 சதவீதம்.

---

சரோஜினிநகர்_அம்மா
செவ்வாய், இரவு 9.55

இந்த இழையைப் படித்துவிட்டு நடுக்கத்தோடு எழுதுகிறேன். என் மகனுக்கு 23 வயது. போன வருடம் யமுனா எக்ஸ்பிரஸ் சாலையில் கார் விபத்து. பெருந்தமனி கிழிந்துவிட்டது என்று இரவோடு இரவாக ஸ்டென்ட் கிராஃப்ட் வைத்தார்கள். நீங்கள் எல்லோரும் ஐந்து வருடம் என்று பேசுகிறீர்கள். அவனுக்கு இன்னும் ஐம்பது வருடம் இருக்கிறதே.

---

கேத்லேப்_காவலன்
செவ்வாய், இரவு 11.20

அம்மா, முதலில் மூச்சு விடுங்கள். விபத்துக் கிழிசல் தனிக் கதை. வேகமாகப் போகும் வண்டி சட்டென்று நின்றால் இதயமும் வளைவும் முன்னால் போகும், முதுகெலும்போடு ஒட்டிய பகுதி நின்றுவிடும். அந்த இணைப்பில், ஒரே இடத்தில் கிழிகிறது. மேலும் கீழும் இருப்பது ஆரோக்கியமான தமனி. ஸ்டென்ட் பிடித்துக்கொள்ள நல்ல சுவர். அதனால் கசிவும் மறு சிகிச்சையும் இவர்களுக்கு மற்றவர்களைவிடக் குறைவு.

உங்கள் பயத்திலும் நியாயம் இருக்கிறது. உலகத்தில் முதல் முறையாக நெஞ்சுப் பெருந்தமனிக்குள் ஸ்டென்ட் கிராஃப்ட் வைத்தது 1987-இல், கார்கீவ் நகரில், நிக்கலாய் வொலதோஸ். அதுவும் காயத்தால் வந்த கோளாறுக்குத்தான். அமெரிக்காவில் ஸ்டான்ஃபோர்டில் மைக்கேல் டேக் குழு தொடங்கியது 1992-இல். அனுமதி பெற்று விற்பனைக்கு வந்த முதல் கருவி அங்கே வந்தது 2005-இல். ஐம்பது வருடக் கணக்கு இந்தச் சிகிச்சைக்கே இல்லை, அதைத் தருவதாக யாரும் சொல்ல முடியாது. இளைஞர்களுக்கு வயதாக ஆகத் தமனி மெல்ல விரியும், உள்ளே இருக்கும் கருவி விரியாது. விறைப்பான துண்டு உள்ளே இருப்பதால் ரத்த அழுத்தம் இளம் வயதிலேயே ஏறக்கூடும். அவன் பி.பி.யை இப்போதிருந்தே பாருங்கள். சி.டி. கதிர்வீச்சு வருடா வருடம் வேண்டாம் என்று நினைத்தால் எம்.ஆர்.ஐ. முறையைக் கேளுங்கள், நிட்டினால் என்ற உலோகக் கலவையால் ஆன கருவிகளுக்கு அது பொதுவாக முடியும், கருவியின் அட்டையைக் காட்டவேண்டும்.

வாசுகி, உங்களிடம் ஒரு கேள்வி. அண்ணன் மிக உயரமா? கைவிரல்கள் நீளமா? குடும்பத்தில் யாராவது சட்டென்று இறந்ததுண்டா? மார்ஃபான் போன்ற பரம்பரை இணைப்புத் திசுக் கோளாறு இருந்தால் இந்த விவாதமே மாறிவிடும். அந்தச் சுவரில் ஸ்டென்ட் நிலைக்காது, திறந்த அறுவையைத்தான் விரும்புவார்கள். சி.டி. அறிக்கையில் இருக்கிற அளவுகளையும் எழுதுங்கள்.

---

வாசுகி_ஆர்கேபுரம்
புதன், இரவு 8.15

அண்ணன் நடுத்தர உயரம், விரல்களும் சாதாரணம்தான். ஆனால் எங்கள் பெரியப்பா ஐம்பதுகளில் கழனியில் நின்றபடியே விழுந்து போனார். ‘ஹார்ட் அட்டாக்’ என்றுதான் இன்றுவரை சொல்கிறோம். அண்ணனுக்குப் பத்து வருடமாக பி.பி., மாத்திரையை ஒழுங்காகப் போட்டதில்லை என்று அண்ணி இப்போதுதான் சொல்கிறார். அறிக்கையில்: பெருந்தமனியின் மொத்த விட்டம் 42 மி.மீ., பொய்ப்பாதை 24 மி.மீ., பொய்ப்பாதையில் ‘பகுதி உறைவு’, நுழைவுக் கிழிசல் 11 மி.மீ.

---

கேத்லேப்_காவலன்
புதன், இரவு 10.40

இந்த நான்கு எண்ணையும் பார்த்தபிறகு உங்கள் அறுவை மருத்துவர் ஏன் விடாமல் சொல்கிறார் என்று புரிகிறது. 40 மி.மீ. தாண்டிய விட்டம், 22 மி.மீ. தாண்டிய பொய்ப்பாதை, 10 மி.மீ. தாண்டிய நுழைவுக் கிழிசல் எல்லாம் பின்னால் விரியப்போகிறவர்களின் அடையாளங்களாக ஆய்வுகளில் வருகின்றன. பகுதி உறைவைப் பற்றியும் முனிர்கா தம்பி எழுதட்டும்.

பெரியப்பா விஷயத்தை மருத்துவரிடம் சொல்லுங்கள். இன்னொன்று: பெருந்தமனி நோயில் கூடப்பிறந்தவர்களையும் பிள்ளைகளையும் பார்க்கச் சொல்வார்கள். அண்ணனுக்கு மட்டும் ஓடுகிறீர்கள், நீங்களும் ஒரு எக்கோ எடுத்து பி.பி. பார்த்துக்கொள்ளுங்கள்.

---

முனிர்கா_ஆய்வாளன்
வியாழன், காலை 9.05

பொய்ப்பாதை முழுதும் உறைந்தால் நல்லது என்று எல்லோரும் எதிர்பார்ப்போம். பாதி உறைந்தாலும் பாதி நன்மை என்று தோன்றும். ஐராட் என்ற சர்வதேசப் பதிவேட்டில் இருந்து 2007-இல் வந்த ஆய்வு, பகுதி உறைவு உள்ளவர்கள் முழுதும் திறந்திருந்தவர்களைவிடவும் மூன்று வருடத்தில் அதிகம் இறந்ததாகக் காட்டியது. உள்ளே போன ரத்தம் வெளியேறும் துளைகளை உறைவு அடைத்துவிட்டால், பொய்ப்பாதைக்குள் அழுத்தம் ஏறுகிறது என்பது அவர்கள் சொன்ன விளக்கம். பின்னால் வந்த ஆய்வுகள் எல்லாமே ஒத்துக்கொள்ளவில்லை. இருந்தாலும் அலட்சியம் செய்கிற அடையாளம் இல்லை.

---

மலைமந்திர்_படிக்கட்டு
வியாழன், மதியம் 2.50

எண்களைப் பார்த்தபிறகு நான் ‘வேண்டவே வேண்டாம்’ என்று சொல்லமாட்டேன். ஆனால் ஒன்றைக் கேட்கிறேன். வைத்துவிட்டு அனுப்புகிற மருத்துவமனை பத்து வருடம் கூப்பிட்டுப் பார்க்குமா? என் சித்தப்பாவுக்கு வேறொரு ஸ்டென்ட் வைத்த இடத்தில், இரண்டு வருடம் கழித்துப் போனால் பழைய படங்கள் சர்வரில் இல்லை என்றார்கள். கருவியே பழுதானால் நோயாளிக்கு யார் சொல்வார்கள்?

---

முனிர்கா_ஆய்வாளன்
வியாழன், மாலை 5.30

இது கற்பனைப் பயம் அல்ல. மெட்ரானிக் நிறுவனத்தின் வாலியன்ட் நேவியன் என்ற நெஞ்சுப் பெருந்தமனிக் கருவி 2018-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. சோதனையில் இருந்தவர்களின் தொடர் ஸ்கேன்களில் ஸ்டென்ட் முறிவும் மூன்றாம் வகைக் கசிவும் தெரிந்ததால், 2021 பிப்ரவரியில் நிறுவனமே அதைத் திரும்பப் பெற்றது; இனி யாருக்கும் வைக்கவேண்டாம் என்றது. ஸ்கேன்களை விடாமல் எடுத்துப் பார்த்த மையங்களால்தான் அது தெரியவந்தது. ஏற்கனவே உள்ளே வைத்திருந்தவர்களுக்கு, தங்களுடையது எந்தக் கருவி என்று தெரிந்திருந்தால்தான் அந்தச் செய்தியால் பயன்.

---

பென்ஷன்தாரர்
வெள்ளி, காலை 5.50

மலைமந்திர்காரர் கேட்டதற்கு என் அனுபவத்தில் பதில்: யாரும் கூப்பிடமாட்டார்கள், நாமே போகவேண்டும். அரசு அலுவலகத்தில் கோப்பு நகர்த்திய பழக்கம் எனக்கு இங்கேதான் உதவியது.

கருவியின் பெயர், அளவு, தொகுதி எண் அச்சிட்ட அட்டையை டிஸ்சார்ஜ் ஆகும்போதே கேட்டு வாங்குங்கள். ஒவ்வொரு ஸ்கேனுக்கும் அறிக்கைத் தாள் மட்டும் போதாது, படங்கள் உள்ள டிஸ்க்கையும் வாங்குங்கள். நாங்கள் பனிக்காலத்தில் கும்பகோணம் போய்விடுவோம்; தில்லிக் குளிரில் அவளுக்கு பி.பி. ஏறுகிறது. ஒரு வருடம் ஊரிலேயே ஸ்கேன் எடுத்தோம். அறிக்கையில் போன வருடத்தைவிட 5 மி.மீ. கூடியிருப்பதாக வந்து வீடே கலங்கியது. தில்லிக்கு வந்து இரண்டு டிஸ்க்குகளையும் அறுவை மருத்துவர் ஒரே திரையில் வைத்து அளந்தார். வளைந்த இடத்தில் சாய்வாக அளந்திருக்கிறார்கள், வளர்ச்சியே இல்லை என்றார். ஒரே மையம், ஒரே முறை என்று வைத்துக்கொள்ள முடியாவிட்டால் பழைய டிஸ்க்கைக் கையில் எடுத்துக்கொண்டாவது போங்கள்.

எங்களுக்குச் சொன்ன கால அட்டவணை: ஒரு மாதம், ஆறு மாதம், ஒரு வருடம், பிறகு வருடத்துக்கு ஒரு முறை. ஒவ்வொரு முறையும் சாய மருந்துக்கு முன்னால் சிறுநீரகம் எப்படி இருக்கிறது என்று காட்டும் கிரியேட்டினின் சோதனை. மத்திய அரசு ஊழியர்களுக்கான மருத்துவத் திட்டமான சி.ஜி.எச்.எஸ். பயனாளியாக இருந்தால், ‘வாழ்நாள் முழுவதும் வருடாந்திர சி.டி. ஆஞ்சியோ தேவை’ என்று டிஸ்சார்ஜ் சம்மரியிலேயே எழுதித் தரச் சொல்லுங்கள். ஒவ்வொரு முறையும் ரெஃபரல் கேட்கும்போது அந்த ஒரு வரி வாதாடும்.

இன்னொன்று முக்கியம். வயிற்றுப்போக்கு, சிறுநீர்த் தொற்று என்றால் நம் ஊர் மருந்துக்கடையில் சீட்டு இல்லாமலே சிப்ரோஃப்ளாக்சசினை எடுத்துக் கொடுப்பார்கள். பெருந்தமனி நோய் உள்ளவர்கள் அந்த இன மருந்துகளை, லெவோஃப்ளாக்சசின் உட்பட, வேறு வழியே இல்லாவிட்டால் தவிர எடுக்கக்கூடாது என்று அமெரிக்க மருந்து நிர்வாகம் 2018 டிசம்பரில் எச்சரித்திருக்கிறது. எங்கள் வீட்டு ஃப்ரிட்ஜ் கதவில் இந்த இரண்டு பெயரும் ஒட்டியிருக்கின்றன.

---

நெறியாளர்
வெள்ளி, காலை 10.00

பயனுள்ள இழை. மருத்துவமனை, மருத்துவர் பெயர்களைக் கேட்டும் சொல்லியும் வந்த மூன்று பதிவுகள் நீக்கப்பட்டன. மூலிகையால் தமனிக் கிழிசலை ஒட்டவைக்கலாம் என்ற பதிவும் நீக்கப்பட்டது. அதை எழுதியவர் மறுபடியும் எழுதவேண்டாம்.

---

வாசுகி_ஆர்கேபுரம்
ஞாயிறு, மாலை 7.20

எல்லோருக்கும் நன்றி. நேற்று இரண்டு மருத்துவர்களின் கருத்தையும், சி.டி.யையும் எடுத்துக்கொண்டு மூன்றாவதாக ஒரு அரசு மருத்துவமனையில் காட்டினோம். இதய அறுவை, ரத்தநாளம், ரேடியாலஜி மூவரும் ஒன்றாக உட்கார்ந்து பார்த்தார்கள். புதிதாக எடுத்த ஸ்கேனில் 42 என்பது 44 ஆகியிருக்கிறது. இரண்டையும் ஒரே திரையில் அளக்கச் சொன்னேன், அளந்தார்கள், உண்மையான வளர்ச்சிதான். இதய மருத்துவரும் போனில் இதைக் கேட்டுவிட்டு, “அப்படியானால் செய்யுங்கள்” என்றார்.

அடுத்த மாதத் தொடக்கத்தில் டீவார். கிழிசல் இடது கைத் தமனிக்கு மிக அருகில் இருப்பதால் அதன் வாயையும் ஸ்டென்ட் துணி மூடும். அதனால் முதலில் கழுத்தில் சிறு அறுவை செய்து, கழுத்துத் தமனியில் இருந்து கைத் தமனிக்கு ஒரு பைபாஸ் வைப்பார்கள். மூளைக்கும் தண்டுவடத்துக்கும் போகும் கிளைகள் அங்கிருந்து பிரிவதால் இது வேண்டும் என்றார்கள். இரவில் காலை அசைக்கச் சொல்லிப் பார்க்க ஆள் உண்டா என்று கேட்டேன். அந்த மருத்துவர் சிரித்துவிட்டு, யார் சொல்லிக்கொடுத்தது என்று கேட்டார். வேலையை ஆறு வாரத்துக்குத் தள்ளிப்போட அண்ணன் ஒப்புக்கொண்டுவிட்டார். அதுதான் எல்லாவற்றிலும் கடினமாக இருந்தது.

நான் எக்கோவுக்கு நாள் வாங்கிவிட்டேன். ஒரு சந்தேகம்: வீட்டில் பி.பி. பார்க்கும் கருவி வாங்கியிருக்கிறோம். ஸ்டென்ட் வைத்த பிறகு எந்தக் கையில் பார்ப்பது?

---

கேத்லேப்_காவலன்
ஞாயிறு, இரவு 8.05

வலது கையில். பைபாஸ் வைத்தாலும் இடது கையில் அளவு குறைத்துக் காட்டலாம். அதை நம்பி மாத்திரையைக் குறைத்துவிடுவார்கள். முதல் வாரம் இரண்டு கையிலும் எடுத்து நோட்டில் எழுதி மருத்துவரிடம் காட்டுங்கள், பிறகு அவர் சொல்லும் கையிலேயே எடுங்கள். மேல் அளவு 130-க்குக் கீழே நிற்கவேண்டும் என்பது பொதுவான இலக்கு. அண்ணனுக்கு எவ்வளவு என்று அவர் குறித்துக் கொடுப்பார்.

---

பென்ஷன்தாரர்
திங்கள், காலை 5.30

நோட்டில் தேதியோடு எழுதுங்கள் அம்மா. அட்டை வாங்க மறக்காதீர்கள்.